ஒற்றைக் கண் உளவாளி

மேலைக்காட்டில் ஒரு குளம், கீழைக்காட்டில் ஒரு குளம். நடுவில் ஒரு குன்று, அதன் உச்சியில் ஒற்றைப் பனைமரம். மேலைக்காட்டை ஆண்ட கரடி ராஜாவுக்கு ஒரே கவலைதான். குன்றுக்கு அந்தப் பக்கம் காட்டுப்பன்றிகள் என்ன சதி செய்கின்றன? பாவம், அவை பாட்டுக்குக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தன.

"உயரத்தில் நமக்கு ஒரு கண் வேண்டும்" என்றது நரி மந்திரி. "மூங்கிலை வளைத்துப் பச்சோந்தியைப் பனை உச்சிக்கு ஏவிவிடுவோம். பன்றி தும்மினாலும் தெரிந்துவிடும். சேதியை மைனா கொண்டுவரட்டும்."

"நானே பறந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாமே?" என்றது மைனா.

"நீ பறந்தால் யார் கைதட்டுவார்கள்? வாயை மூடு" என்றது நரி.

பச்சோந்திக்கு ஒரு கண் முன்னே பார்த்தால் மற்றது பின்னே பார்க்கும். அங்கேதான் ராஜாவுக்கு உதைத்தது. "ஒரு கண் பன்றியைப் பார்க்கட்டும், சரி. இன்னொன்று நம்மைப் பார்த்தால்? யார் தேனை யார் குடிக்கிறார்கள் என்பதெல்லாம் வெளியே வந்துவிடுமே!" உடனே நரி அந்தக் கண்ணை ஆலிலை வைத்துக் கட்டிவிட்டது.

மேலைக்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்தால் யானை முதல் முயல்வரை குளக்கரையில் மண் போட்டு மிதிப்பார்கள். நண்டு தோண்டிய வளையெல்லாம் அடைபட்டுவிடும். இப்போது அத்தனை பேரும் மூங்கில் வளைக்கப் போய்விட்டார்கள்.

நீர்நாய் செங்கமலம் ஓடிவந்தது. "ராஜா, கரையில் கசிவு கண்டிருக்கு. நாலு யானையை ஒரு பொழுதுக்கு அனுப்புங்க. குளம் போச்சுன்னா என் பிள்ளைங்க மீனுக்கு எங்கே போகும்?"

"காட்டையே காப்பாற்றப் பார்க்கிறோம், உனக்கு மீன்தான் பெரிசா?" என்று சீறியது ராஜா. செங்கமலம் தனியாகப் போய் மண்ணை மிதித்தது. ஒரு நீர்நாயின் கால் எவ்வளவுதான் மிதிக்கும்?

ராகுகாலம் கழிந்தது. முயல்கள் வைத்திருந்த கடைசிப் பூசணிக்காயைப் பிடுங்கி உடைத்தார்கள். "பத்து, ஒன்பது, எட்டு" என்று எண்ணி மூங்கிலை விட்டார்கள். பச்சோந்தி பறந்து போய் முள்புதரில் விழுந்தது.

"முதல் கட்டம் மாபெரும் வெற்றி" என்று அறிவித்தது நரி.

இரண்டாம் தடவை பச்சோந்தி பனையுச்சியில் போய் ஒட்டிக்கொண்டது. காடே குதித்தது. ராஜா ஆனந்தக் கண்ணீர்கூட விட்டது.

மறுநாள் மைனா சேதி கொண்டுவந்தது. "பன்றிகள் குளக்கரையில் மண் மிதிக்கின்றனவாம்."

"கோட்டை கட்டுகிறார்கள்" என்றது நரி. ராஜாவுக்கு வியர்த்துவிட்டது.

அடுத்த நாள், "பன்றிகளின் குளம் நிரம்பித் தளும்புகிறதாம். குட்டிகளெல்லாம் நீந்துகின்றனவாம்."

"மழையே இல்லையே! அவ்வளவு தண்ணீர் ஏது? போய்க் கேட்டு வா" என்றது ராஜா.

மைனா திரும்பி வந்தது. "அது எங்கே கிளம்புகிறது என்று திறந்திருக்கும் கண்ணுக்குத் தெரியவில்லையாம் ராஜா. தண்ணீர் நம் பக்கத்திலிருந்துதான் குன்றைச் சுற்றி வருகிறதாம். நம் பக்கத்தைப் பார்க்கும் கண்ணைத்தான் நாம் கட்டியிருக்கிறோமாம்."

ராஜா குளத்துக்கு ஓடியது. கரை உடைந்து கிடந்தது. குளத்தில் சேறுதான் மிச்சம். செங்கமலம் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி மேட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அழுது அழுது அதன் கண் சிவந்திருந்தது. ராஜாவை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தாகத்துக்கு மானம் ஏது? மூன்றாம் நாள் மேலைக்காடு முழுவதும் கீழைக்காட்டுக் குளத்தின் முன்னால் வரிசையில் நின்றது. "கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?" என்று ராஜா தலையைக் குனிந்துகொண்டு கேட்டது.

"தாராளமா குடிங்க" என்றது கிழட்டுப் பன்றி. "எல்லாம் நீங்க அனுப்பினதுதானே."

அடுத்தவன் வீட்டை உளவு பார்க்கக் கண் தேடுகிறவன், தன் வீட்டு ஓட்டையைக் காட்டும் கண்ணைக் கட்டிவிட்டால், அவனைக் கெடுக்கப் பகைவனே வேண்டியதில்லை.