கழுவிக் கொட்டிய நீர்

நல்லசிவம் ஆய்வகச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். கரும்பூஞ்சை பரவிய ஒரே பருவத்தில் பதினொரு பேரின் கண்ணை எடுத்த அறுவை மருத்துவர் அவர். வேறு வழி உண்டா என்று தேடி, ஐம்பத்து நாலு வயதில், தன்னைவிடப் பதினாறு வயது இளைய ஆய்வாளர் பெர்சிஸிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். எட்டு மாதம் ஓடிவிட்டது.

“என்ன டாக்டர், கத்தி கூப்பிடுதா?”

“கேலி பண்ணாதீங்க மேடம். பூஞ்சை சுரக்குற நொதி பட்டா, ரத்தக்குழாய்ச் செல் ஒண்ணுகூட மிஞ்சறதில்ல. இருபது தடவை பார்த்தாச்சு. செத்ததுக்கு எங்க மருந்து தேடறது?”

“இன்னொரு தடவை செய்யுங்க. பக்கத்துல நிக்கறேன்.”

தட்டில் ஒட்டி வளர்ந்திருந்த செல்களின்மேல் நொதியை விட்டார். பொறுத்திருந்தார். வழக்கம்போலத் தட்டைக் கழுவி, நுண்ணோக்கியில் வைத்தார். வெறும் தட்டு.

கழுவிய நீரைக் கொட்டப் போனவரை பெர்சிஸ் தடுத்தார். அந்த நீரைச் சுழலியில் வைத்துச் சுற்றி, அடியில் தங்கியதை மட்டும் எடுத்துப் புதுத் தட்டில் விட்டார்.

“நாளைக்கு வாங்க.”

மறுநாள் நல்லசிவம் குனிந்து பார்த்தார். செல்கள் தட்டைப் பற்றிக்கொண்டு, விரிந்து, ஒன்றையொன்று தொட்டபடி படர்ந்திருந்தன. எல்லாம் இல்லை. பாதிக்குக் கொஞ்சம் மேலே.

“செத்தது எப்படி மேடம்...”

“செத்துதுன்னு யார் சொன்னா? வாரா வாரம் செல்லைத் தட்டு மாத்த நீங்களே எதை ஊத்தறீங்க?”

“நொதிதான்.”

“அப்ப சாகுதா?”

“இல்ல.” அவர் குரல் இறங்கியது. “பிடியை விடுது.”

முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்படின்னா அந்தப் பதினொரு கண்ணு...”

“அந்தப் பதினொரு பேரு?”

“ஒன்பது பேர் நடமாடறாங்க.”

“நடமாட வச்சது உங்க கத்தி. இது தட்டு, டாக்டர். ஆள் இல்ல.”

அவர் மறுபடியும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“பிடி விட்ட செல் எவ்வளவு நேரம் உயிரோட காத்திருக்கும் மேடம்?”

பெர்சிஸ் நாலு புதுத் தட்டுகளை அவர் பக்கம் நகர்த்தினார்.

“எனக்குத் தெரியாது. மணிக்கு ஒண்ணா வச்சுப் பார்த்துச் சொல்லுங்க.”