மூன்று விரல் அரிசி

முன்னொரு காலத்திலே, கடல் தாண்டிக் கிழக்கே போனால் வருகிற ஜாவா தீவிலே, புகை விடுகிற ஒரு மலையின் அடிவாரத்திலே, சும்பர்வாரு என்று ஒரு கிராமம் இருந்தது. மலை புகைவதைக் கண்டு அந்த ஊர்க்காரர்கள் பயப்படவில்லை. பக்கத்து வீட்டு அடுப்பு புகைகிறது என்று யாராவது பயப்படுவார்களா? மண் நல்ல மண், நட்டதெல்லாம் முளைத்தது. அதனால் அங்கேயே இருந்தார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டு வாசல் கம்பத்திலும் ஒரு கொட்டாங்கச்சி தொங்கும். பொழுது சாய்கிறபோது வீட்டுக்காரர்கள் மூன்று விரலால் கிள்ளி எடுத்த அரிசியை அதில் போடுவார்கள். மூன்று விரல்தான், கைநிறைய இல்லை. கொஞ்ச நேரத்தில் ஊர்க்காவல்காரர் வருவார். அரிசியைப் பையில் கொட்டிக்கொண்டு, கையிலிருக்கிற மூங்கிலைத் தொக், தொக், தொக் என்று தட்டி, "இருக்கீங்களா?" என்று கேட்பார். உள்ளேயிருந்து "இருக்கோம்!" என்று குரல் வரும். சேர்ந்த அரிசி நோய் வந்த வீட்டுக்கும் சாவு விழுந்த வீட்டுக்கும் சோறாகும். கொட்டாங்கச்சி காலியாக இருந்தால், வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம். காவல்காரர் நிற்காமல் போய்விடுவார்.

ஊரின் கடைசி வீடு துமினாவுடையது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை குட்டி கிடையாது. ஒரு மூங்கில் தட்டி வீடு, கால் நட்டு உயர்த்திய ஒரு நெற்களஞ்சியம், ஒரு எருமை, வீட்டை ஒட்டிப் படிப்படியாக இறங்கும் கொஞ்சம் வயல். இவ்வளவுதான் அவள் சொத்து. சொத்து இருக்கிற இடத்தில் பயமும் ஒரு பாயை விரித்துப் படுத்துக்கொள்ளுமே! ஒருநாள் காலையில் பார்த்தால் எருமை கட்டியிருந்த கயிறு அறுந்து கிடந்தது. திருட வந்தவனை எருமை முட்டித் தள்ளிவிட்டுத் திரும்பி வந்து சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. எருமைக்குப் பயம் போய்விட்டது, துமினாவுக்குப் போகவில்லை. அன்று முதல் சருகு விழுந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான், சுட்டெரிக்கும் வெயிலில் நனைந்த குடையோடு ஒரு ஆள் அவள் வாசலுக்கு வந்தான். மழையே இல்லாத மாதத்தில் குடையிலிருந்து தண்ணீர் சொட்டினால் என்ன அர்த்தம்? மந்திரவாதி என்றுதான் அர்த்தம். பயந்துபோயிருந்த துமினா அதைக் கவனிக்கவில்லை.

"தாயே, தூக்கம் வரலியா?" என்றான் அவன். "நான் ஒரு வேலி போட்டுத் தர்றேன். எந்தத் திருடனும் உள்ள வர முடியாது. உள்ள இருக்கிற எதுவும், ஒரு பிடி நெல்கூட, வெளிய போகாது."

"என்ன கூலி கேப்பீங்க?"

"பெருசா எனக்கு எதுக்கு? வாசல் கொட்டாங்கச்சியில தினமும் மூணு விரல் அரிசி போடுறியே, அதை இனிமே இந்தக் கலயத்துல போடு. போதும்."

ஒரு கறுப்புக் கலயத்தை அடுப்பு ஓரத்தில் வைத்தான். துமினாவுக்குச் சிரிப்பு வந்தது. குருவி கொத்தினால்கூட அதைவிட அதிகம் தின்னுமே! "சரி" என்றாள்.

மூன்று மூங்கில் முளைகளை அவள் கையில் கொடுத்தான். முதல் முளையை நட்டு, எருமையைப் பார்த்து "இது என்னுடையது" என்றாள். இரண்டாவதை நட்டு, களஞ்சியத்தைப் பார்த்து "இது என்னுடையது" என்றாள். மூன்றாவதை நட்டு, வீட்டைப் பார்த்து "இது என்னுடையது" என்றாள். சடசடவென்று மூங்கில் முளைத்து வீட்டையும் வயலையும் சுற்றி வளைத்துக்கொண்டது. வாசல் கம்பம் மட்டும் வேலிக்கு வெளியே நின்றது, காலிக் கொட்டாங்கச்சியோடு.

அன்று பொழுது சாய்ந்தபோது அரிசியைக் கலயத்தில் போட்டாள். கலயம் ஒரு மிடறு விழுங்கியது. முறைக்காவலுக்கு வந்த கஸ்மின் கொட்டாங்கச்சியைப் பார்த்தான். பக்கத்துத் தெருக்காரன், அவள் கைச்சோறு தின்று வளர்ந்தவன். காலியாக இருந்ததால் சந்தேகத்தோடு கூப்பிட்டான்.

"துமினாக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி!" என்று கத்தினாள். குரல் வேலியில் முட்டி உள்ளேயே விழுந்தது.

மறுநாள் கஸ்மின் நின்று பார்த்தான், கூப்பிடவில்லை. அதற்கும் மறுநாள் நிற்கவேயில்லை. வெறும் மூங்கில் புதரைப் பார்த்து யார் நிற்பார்கள்?

திருடர்கள் வரவில்லை. உண்மைதான். ஆனால் வேறு யாரும் வரவில்லை. நாற்று நடும்போது கூடப் பாட ஆள் வரவில்லை. அறுவடைக்குப் பெண்கள் சிறு கத்திகளோடு கூட்டமாக வந்து, ஊர்வம்பு பேசிக்கொண்டே கதிர் கொய்வது அந்த ஊர் பழக்கம். அந்த வருஷம் அவள் தனியாகக் கொய்தாள். களஞ்சியம் நிறைந்தது. நிறைந்த களஞ்சியத்தின் முன்னால் நின்று, யாரிடமாவது காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒருவரும் இல்லாமல் அழுதாள். சில நாள் மறதியாக இரண்டு தட்டில் சோறு வைப்பாள். இரண்டாவது தட்டு ஆறிப்போகும்.

அந்த வீட்டுச் சுவரில் ஒரு பெரிய பல்லி குடியிருந்தது. முழங்கை நீளம், உடம்பெல்லாம் செம்புள்ளி, "தொக்கே! தொக்கே!" என்று கத்துகிற ஜாதி. வெளியே கேள்வி கேட்பார் இல்லாததால், பொழுது சாய்ந்ததும் துமினா தன்னையே கேட்டுக்கொள்வாள்: "துமினா, இருக்கியா?" ஒருநாள் பல்லிக்குப் பொறுக்கவில்லை.

"தொக்கே! இருக்கே, இருக்கே. என் கண்ணுக்குத் தெரியறே. போதுமா?" என்றது.

அவள் பயப்படவில்லை. பேச்சுத்துணை கிடைத்தால் பல்லியென்ன, பூரான் என்ன! அன்று முதல் அவள் கேட்பாள், பல்லி பதில் சொல்லும். ஆனாலும் பல்லி பல்லிதானே? அதற்குக் கொசுவைத் தவிர வேறு பேச்சு தெரியாது. அவளுடைய தனிமை குறையவேயில்லை.

பிறகு மழைக்காலம் வந்தது. ஒருநாள் மத்தியானமே வானம் இருண்டது. பொழுது சாய்ந்துவிட்டது என்று எண்ணி ஊரார் கொட்டாங்கச்சியில் அரிசி போட்டுவிட்டார்கள். மலை உறுமியது. ஆற்றில் கறுப்புச் சேறு நுரைத்துக்கொண்டு இறங்கியது. ஊர்க்காவல் மூங்கில்கள் எல்லாம் விடாமல் ஒலித்தன. வெள்ளம் வருகிறது, மேட்டுக்கு ஓடுங்கள் என்று அதற்கு அர்த்தம். துமினா மூங்கில் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரே ஓடிக்கொண்டிருந்தது. கஸ்மின் மட்டும் வீடு வீடாக வந்தான். அந்த அவசரத்திலும் கொட்டாங்கச்சியைப் பார்த்துப் பார்த்து, அரிசி இருந்த வாசலில் எல்லாம் நின்று ஆளைக் கூப்பிட்டு வெளியே அனுப்பினான்.

"கஸ்மின்!" என்று கத்தினாள். கேட்கவில்லை. "தம்பி, நான் உள்ள இருக்கேன்!" கேட்கவில்லை. வேலியைப் பிடித்து உலுக்கினாள். உள்ளே இருப்பது எதுவும் வெளியே போகாது என்பதுதானே பேச்சு? அவளும் உள்ளே இருந்தாள்.

"தொக்கே!" என்றது பல்லி, அவள் தோளில் குதித்து. "அட மக்கு! கூலி கொடுக்கிற வரைக்கும்தானே வேலி? இன்னிக்கு அரிசியைப் போட வேண்டிய இடத்துல போடு!"

துமினா ஓடிப்போய் மூன்று விரலால் அரிசி எடுத்தாள். மூங்கில் இடுக்கில் கையை நுழைத்தாள். மூங்கில்கள் நெருங்கிக் கையைக் கடித்தன. கலயத்துக்குள்ளிருந்து மந்திரவாதியின் குரல் வந்தது.

"தாயே, அது என் அரிசி! வேலி போனா உன் எருமை போயிடும். எவன் வேணாலும் ஓட்டிக்கிட்டுப் போவான்."

துமினா கையை இன்னும் வெளியே நீட்டினாள். "போகட்டும்" என்றாள். ஒரு பக்கத்து மூங்கில் சரிந்தது.

"களஞ்சியம் போயிடும்! தனியாக் கொய்து சேர்த்த நெல்லு!"

அழுதாள். "போகட்டும்" என்றாள். இன்னொரு பக்கம் சரிந்தது.

"வீடு போயிடும்! அப்புறம் உனக்குன்னு என்ன இருக்கு?"

"எனக்குன்னு இங்க என்னடா இருக்கு?" என்று கத்தினாள் துமினா. "கூப்பிட ஒரு ஆள் இல்ல! போகட்டும்!"

இரத்தம் கசிந்த கை கொட்டாங்கச்சியைத் தொட்டது. அரிசி விழுந்தது. அந்த வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த கஸ்மின், பழக்க தோஷத்தில் திரும்பிப் பார்த்தான். கொட்டாங்கச்சியில் மூன்று விரல் அரிசி வெள்ளையாகத் தெரிந்தது. அவன் கால் தானாக நின்றது. கை தானாகத் தட்டியது. தொக், தொக், தொக்.

"துமினாக்கா... இருக்கீங்களா?"

"இருக்கேன்!"

அந்தக் குரலுக்கு வேலி முழுதும் படபடவென்று சரிந்தது. கஸ்மின் அந்த அரிசியைப் பையில் கொட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினான். எருமை பின்னாலேயே ஓடி வந்தது, அதன் கொம்பில் பல்லி தொங்கிக்கொண்டு வந்தது. அவர்கள் மேடேறித் திரும்பிப் பார்க்கும்போது, களஞ்சியத்தையும் வீட்டையும் கறுப்புச் சேறு வாரிக்கொண்டு போய்விட்டது.

மேட்டில் ஊர் அரிசிப்பையை அவிழ்த்துச் சோறு பொங்கினார்கள். கஸ்மின் தலையைக் குனிந்துகொண்டு, "உங்கள மறந்தே போயிட்டோமேக்கா" என்றான்.

"நான் அரிசி போடல, நீ எப்படி நிப்பே?" என்றாள் துமினா. கஸ்மினின் மனைவி ரத்மி வாழையிலையில் சோறு வைத்தாள். துமினா அதைத் தொடாமல் இருந்தாள். "இத்தனை நாள் சேர்ந்ததுல என் அரிசி ஒண்ணுகூட இல்லையே, ரத்மி."

"இன்னிக்குப் போட்டதும் இதுலதாங்க்கா வெந்திருக்கு. ஆறிடும், சாப்பிடுங்க" என்றாள் ரத்மி. சூடான சோற்றைப் பக்கத்தில் ஆட்களோடு உட்கார்ந்து தின்று எவ்வளவு காலமாயிற்று! துமினா அழுதுகொண்டே தின்றாள்.

வெள்ளம் வடிந்தபின், ஊரார் சேர்ந்து அவளுக்கு ஊர் நடுவில் ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். பழைய வீடு இருந்த இடத்தில் ஒரே ஒரு தடித்த மூங்கில் நின்றது. அதன் நடுவில் வாய்போல ஒரு பிளவு. பல்லி அதைப் பார்த்து, "தொக்கே! அந்தக் குடைக்காரனேதான்" என்றது. கஸ்மின் அதை வெட்டி ஊர்க்காவலுக்கு எடுத்துக்கொண்டான். ஒரு குரலை விழுங்கியவன், அன்று முதல் தினமும் வாசல் வாசலாகப் போய் மூன்று அடி வாங்கி, இருக்கீங்களா, இருக்கீங்களா, இருக்கீங்களா என்று கேட்க வேண்டியதாயிற்று.

துமினா ஒருநாளும் அரிசி போட மறக்கவில்லை. காவல்காரர் தெருமுனையில் வரும்போதே, கேட்பதற்கு முன்னாலேயே, "இருக்கேன்!" என்று கத்திவிடுவாள். ஊரே சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

கதை முடிந்தது. சொன்னவன் இங்கே இருக்கிறேன். கேட்டவர்களே, இருக்கீங்களா?