கோப்பில் இருக்கிறது

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் நான் வாய் கொப்பளிக்க வேண்டும். அப்படிப்பட்ட கதை. ஆனாலும் முழுக்கக் கேளுங்கள். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். பதிலுக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது.

கடலோரத்தில் வேலம்பரை என்றொரு சின்ன நாடு. மக்களின் பிறப்பு, இறப்பு, நிலம், நோய் எல்லாம் அங்கே அரசுப் பதிவகத்தின் கணினிகளில் இருந்தன. அவை பழைய கணினிகள், அடிக்கடி படுத்துக்கொள்ளும். வடகடல் தேசத்து நிறுவனம் ஒன்று வந்து, பெரிய தரவுக் கூடம் ஒன்றை இலவசமாகக் கட்டித் தருவதாகவும், எல்லாவற்றையும் அதில் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. இலவசம் என்றதும் அமைச்சர் மாசிலாமணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூடத்துக் கேன்டீன் தன் மச்சானுக்கு என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது.

ஒப்பந்தம் தொள்ளாயிரம் பக்கம். எந்த ஒப்பந்தத்தையும் அவையில் முழுக்க வாசித்துத்தான் நிறைவேற்ற வேண்டும் என்பது வேலம்பரைச் சட்டம். ஆனால் அவைத்தலைவர், "படித்ததாகக் கொள்ளலாமா?" என்று கேட்டு, உறுப்பினர்கள் மேசையைத் தட்டிவிட்டால் வாசித்ததற்குச் சமம் என்பது வேலம்பரை வழக்கம். அன்று மதியம் பிரியாணி. மேசைகள் கொஞ்சம் பலமாகவே தட்டப்பட்டன.

அதற்குச் சற்று முன் அமைச்சர், பின்னால் உட்கார்ந்திருந்த சட்டச் செயலர் கோமகனைத் திரும்பிப் பார்த்து, "வில்லங்கம் ஏதும் இருக்காய்யா?" என்று கேட்டார்.

"கோப்புல இருக்குதுங்க ஐயா," என்றார் கோமகன்.

இருந்தது உண்மைதான். வடகடல் அரசு உத்தரவிட்டால் நிறுவனம் கூடத்தைப் பூட்டலாம், வேலம்பரை அரசு கேட்டாலும் திறக்க வேண்டியதில்லை என்றது நாற்பத்தொன்றாம் பிரிவு. இது ஆபத்து என்று கோமகன் முத்து முத்தாக அரைப் பக்கம் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, கோப்பின் கடைசியில் சேர்த்திருந்தார். எதற்கும் எழுதி வைத்துவிட்டால் நாளைக்குத் தன் தலை உருளாது என்பது அந்த அலுவலகங்களில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அமைச்சர் கையெழுத்துப் போடும் பக்கத்தை மட்டும் திறந்தார்.

பதிவகத்தின் பழைய கணினிகள் காயலான் கடைக்குப் போயின. அச்சுப்பொறியும் போனது. போவதற்கு முந்தின வாரம் அது கடைசியாக ஒருமுறை ஓடியது. கோமகன் தன் குடும்பத்தின் நிலப் பத்திரங்களையும் மருத்துவப் பதிவுகளையும் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களாக அச்சிட்டு, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை வாங்கிக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். இந்தக் காலத்தில் காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாரே என்று பதிவகத்துப் பெண்கள் சிரித்தார்கள்.

நான்கு ஆண்டுகள் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பிறகு வடகடல் அரசு, தன் போர்க்கப்பலை வேலம்பரைத் துறைமுகத்தில் நிறுத்த இடம் கேட்டது. நாடு மறுத்தது. மறுநாள் காலை பத்து மணிக்குக் கூடம் பூட்டப்பட்டது. நாடு முழுக்கத் திரைகளில் "சேவை தற்காலிகமாக இல்லை" என்ற ஒரே வரி.

பதினொரு மணிக்குப் பொது மருத்துவமனையில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த இளைஞனின் சிறுநீரகங்களைத் தானம் செய்ய அவன் பெற்றோர் சம்மதித்தார்கள். யாருக்குப் பொருந்தும், வரிசையில் யார் முதலில் என்ற பட்டியல் பூட்டிய கூடத்துக்குள் கிடந்தது. பட்டியலை மீறி யாருக்கும் தருவது குற்றம். அதே நேரம் அந்த மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் பூரணி என்ற பேருந்து நடத்துநருக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். மூன்று ஆண்டுகளாகக் காத்திருந்தவர். தான் வரிசையில் முதலாவதா நாற்பதாவதா என்று அவருக்கே தெரியாது.

மருத்துவர் ஒருவர் கூடத்துக்கு ஓடினார். அங்கே பொறுப்பாளர் எட்வின் வேலம்பரைக்காரர்தான். திறக்கும் அட்டை அவர் கழுத்திலேயே தொங்கியது.

"தொறந்தா வேலையும் போயி ஜெயிலுக்கும் போவேன் டாக்டரம்மா. எனக்கும் புள்ளைங்க இருக்கு," என்றார் எட்வின்.

அந்த இளைஞனின் உடலைக் கருவிகளின் துணையில் ஒன்றரை நாள் வைத்திருந்தார்கள். பிறகு இதயம் நின்றது. சிறுநீரகங்கள் அவனோடு மண்ணுக்குப் போயின. மூன்றாம் நாள் வேலம்பரை போர்க்கப்பலுக்கு இடம் விட்டது, கூடம் திறந்தது. பட்டியலில் முதல் பெயர் பூரணி. பொருத்தமும் சரியாக இருந்தது. பத்தொன்பதாம் நாள் பூரணி இறந்துபோனார்.

அவருடைய அக்கா வழக்குப் போட்டார். விசாரணைக்கு மூவர் வந்தார்கள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. சபையே மேசையைத் தட்டுச்சு," என்றார் மாசிலாமணி.

"தெரியும். பயந்துட்டேன்," என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார் எட்வின்.

கோமகன் கோப்பைப் பிரித்து அரைப் பக்கத்தை உயர்த்திக் காட்டினார். "நான் அன்னைக்கே எச்சரிச்சிருக்கேன்." நீதிபதி அவரைப் பாராட்டினார். எச்சரித்த ஒரே அதிகாரி என்று பத்திரிகைகள் படம் போட்டன.

நிறுவனத்தை விடுங்கள், அது எழுதிக் கொடுத்ததைத்தான் செய்தது. தெரியாமல் கையெழுத்திட்டவர், தெரிந்தும் திறக்காதவர், தெரிந்து எழுதி வைத்தவர். இந்த மூவரில் பூரணியின் சாவுக்கு முதல் பொறுப்பு யாருக்கு?

விடை: கோமகனுக்கு. அமைச்சர் அற்பர், ஆனால் அந்தப் பிரிவு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது. எட்வின் கோழை, அதை அவரே ஒப்புக்கொண்டார். ஒரு நாள் இந்தக் கூடம் பூட்டப்படும் என்று உறுதியாக நம்பியவர் கோமகன் ஒருவர்தான். அதற்குச் சாட்சி அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அமைச்சர் முகத்துக்கு நேராகக் கேட்டபோது, "கையெழுத்துப் போடாதீங்க" என்ற இரண்டு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. தன் வீட்டுக்கு வேண்டியதைக் காரில் ஏற்றினார்; நாட்டுக்கு வேண்டியதைக் கோப்பின் கடைசியில் புதைத்தார். நீதிபதி பாராட்டியது அரைப் பக்கத்தை. மற்றப் பக்கங்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவை இன்றும் அவர் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. வாய் கொப்பளிக்க வேண்டும், அந்தத் தண்ணீர்ச் சொம்பை இப்படிக் கொடுங்கள்.