பச்சைக் குட்டையை மூடிய கெண்டை

மேட்டுக் குட்டையில் எருமைகள் நாள்தோறும் படுத்துப் புரண்டன. சாணம் கலந்த அந்த நீர் வாய்க்கால் வழியே கீழேயிருந்த ஏரியில் இறங்கியது. ஏரி நாறியது. கயல்மணி என்னும் கெண்டையின் குஞ்சுகள் மூச்சு முட்டி, நீர்மட்டத்தில் வாய் பிளந்து தவித்தன.

மதகன் என்னும் தவளை ஒரு வழி சொன்னது. "அக்கா, வாய்க்காலின் தலைப்பில் சேற்று வரப்புக் கட்டுகிறேன். சாணநீர் குட்டையிலேயே வெயிலில் தங்கட்டும். நுண்பாசிகள் சாணத்தின் சத்தை உண்டு பெருகும். பாசியை என் தலைப்பிரட்டைகள் தின்னும். தெளிந்த நீர் மட்டும் வரப்பைத் தாண்டி வழியும்!"

"ஓகோ, உன் பிள்ளைகளின் விருந்துக்கு என் பிள்ளைகள் சாக்கா?" என்றது கயல்மணி. இருந்தாலும் இசைந்தது.

விரைவிலேயே குட்டை கரும்பச்சையானது. வாய்க்காலில் எதிர்நீச்சலிட்டு எட்டிப் பார்த்த கயல்மணி முகம் சுளித்தது. "ஐயோ, அழுக்கு இரட்டிப்பாகிவிட்டதே!" தவளையிடம் ஒரு சொல்லும் கேளாமல், ஏரியில் வாழ்ந்த நாமக்கோழி என்னும் நீர்ப்பறவையை ஏவிக் குட்டை முழுவதையும் ஆகாயத்தாமரையால் மூடச் செய்தது. "அப்பாடா! இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது!"

வெயில் படாத பாசி செத்து அழுகியது. உண்ட சத்தையெல்லாம் நீரிலேயே விட்டது. கறுத்த நீர் வரப்பைத் தாண்டி ஏரிக்குள் பாய்ந்தது. குஞ்சுகள் பக்கவாட்டில் சாயத் தொடங்கின.

"மதகா! தம்பி! மூடச் சொன்னது நான்தான். என் குஞ்சுகளைக் காப்பாற்று!"

"நீங்கள் முகம் சுளித்த அந்தப் பச்சைதானே அக்கா, உங்களுக்காக உழைத்துக்கொண்டிருந்தது!" என்ற தவளை, விரைந்து வரப்பை உயர்த்திக் கறுத்த நீரைத் தடுத்தது. பிறகு குரல் கொடுத்தது. "எருமையாரே, இந்தத் தழையை வாரித் தின்னுங்கள்!"

"சாணம் போட்டால் வசவு, தழை தின்ன மட்டும் அழைப்போ!" என்று செருமிய கிழட்டு எருமை, கொம்பால் செடிகளை இழுத்துக் கரையேற்றி, ஆற அமர மென்றது.

குட்டையில் வெயில் விழுந்தது. பாசி மீண்டும் தழைத்தது. தலைப்பிரட்டைகள் அதைத் தின்று கொழுத்து, கால் முளைத்து வயல்வெளிக்குத் தாவிச் சென்றன. சாணத்தின் சத்தும் அவற்றோடு நீரைவிட்டு வெளியேறியது. தெளிந்த நீர் மெல்ல வழிந்து ஏரியை நிறைத்தது.

சாய்ந்த குஞ்சுகள் நிமிர்ந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. அவை ஆழத்தில் ஒன்றையொன்று துரத்தி விளையாடின.

ஒரு நல்ல வேலை பாதி வழியில் அருவருப்பாகத் தோன்றுகிறது என்பதற்காக, காரணம் கேட்டறியாமல் அதைத் தடுப்பவர், தாம் காக்க நினைத்தவரையே ஆபத்தில் தள்ளுவார்.