நடுக்குரலை யார் எடுப்பது?

அல்லிக்குளத்தில் பம்பன் என்ற தவளையும் கீச்சி என்ற அணிலும் மைக் செட் பார்த்துக்கொண்டன. தரையில் கிடந்த பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி பம்பனுடையது. கம்பத்தில் ஏறி நின்ற சின்னப் பெட்டி கீச்சியுடையது.

மார்கழி விடியலில் அந்தக் குளமே பாலில் மிதப்பதுபோல் இருக்கும். மரமும் தெரியாது, கரையும் தெரியாது. நடுவில் இருக்கும் புல்மேட்டில் தூங்கி எழுந்த மான்குட்டி சிமிழி, அந்தப் பனிக்குள்தான் சேற்றுவழியே கரைக்கு வரவேண்டும். அதற்குக் காதுதான் கண். கரையில் நின்று தாய்மான் மாதுளை மைக்கில் பாடும். குட்டியின் காலடிக் கணக்கு அதற்கு அத்துப்படி. அடிக்குரல் கேட்டால் நேரே நடக்கவேண்டும். நடுக்குரல் கேட்டதும் இடப்பக்கம் திரும்பவேண்டும். உச்சக்குரல் கேட்டால் கரை வந்துவிட்டது, தாவிவிடலாம். திரும்பத் தவறினால் புதைசேறு!

அடிக்குரல் பெரிய பெட்டிக்கு, உச்சக்குரல் சின்னப் பெட்டிக்கு. எதுவரை யாருக்கு என்பதை ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் இருந்த திருகு சொல்லும். பெரிய பெட்டியின் திருகை ஏற்றினாலும் சரி, சின்னப் பெட்டியின் திருகை இறக்கினாலும் சரி, அந்தப் பெட்டி நடுக்குரலையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். வம்பு நடுக்குரலில்தான். பாட்டிலேயே இனிப்பான இடம் அது. பம்பனுக்கு அதன்மேல் உயிர்.

"நடு எனக்கு!" என்று திருகை மேலே ஏற்றியது பம்பன்.

"ஆசையைப் பார்! எனக்குத்தான்!" என்று தன் திருகைக் கீழே இறக்கியது கீச்சி.

இரண்டு பெட்டியும் சேர்ந்து நடுக்குரலை முழக்கின. குளம் முழுக்க ஒரே கும்மென்ற சத்தம். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று புரியாமல் சிமிழி சுற்றிச் சுற்றி வந்து, நடுங்கிக்கொண்டே கரை சேர்ந்தது.

"உங்கள் போட்டிக்கு என் பிள்ளைதானா கிடைத்தாள்?" என்று மாதுளை அழுதது.

பம்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரிடமும் சொல்லாமல் தன் திருகை நன்றாகக் கீழே இறக்கிவிட்டது. கீச்சிக்கும் மனசு கேட்கவில்லை. அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் தன் திருகை மேலே ஏற்றிவிட்டது. இரண்டும் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தன.

மறுநாள் விடியலில் மாதுளை பாடியது. அடிக்குரல் மெல்லப் பனிக்குள் பரவியது. பிறகு பாட்டு நடுக்குரலுக்குப் போனது. ஒன்றும் கேட்கவில்லை. பாட்டின் நடுவில் பெரிய ஓட்டை!

"நீ எடுக்கவில்லையா?" என்றது பம்பன்.

"நீ எடுப்பாய் என்றல்லவா விட்டேன்!" என்றது கீச்சி.

"அம்மா! கால் புதைகிறதே!" என்ற குரல் பனிக்குள்ளிருந்து வந்தது.

பம்பன் ஒரே தாவாகச் சேற்றில் குதித்தது. சிமிழியின் பக்கத்தில் போய் நின்றுதான் அது முதல்முறையாக அந்தப் பாட்டைக் கேட்டது. இத்தனை நாளும் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியிருக்கிறது, பாவம்!

"கீச்சி! உன் திருகை இறக்கு! இன்னும் கொஞ்சம்! மாதுளை அக்கா, நடுவையே பாடிக்கொண்டிருங்கள்!"

நடுக்குரல் லேசாக எழுந்தது. கீச்சி இன்னும் இறக்கியது. பம்பனின் அடிக்குரல் முடிகிற இடத்தில் கீச்சியின் குரல் வந்து ஒட்டிக்கொண்டது. எது எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை.

"போதும்! அங்கேயே விடு!" என்று கத்தியது பம்பன். தன் உயிரான நடுக்குரல் இனி கீச்சிக்குத்தான் என்று அதற்குத் தெரியும்.

சிமிழி காதை விடைத்தது. காலை உருவிக்கொண்டு இடப்பக்கம் திரும்பியது. உச்சக்குரல் வந்ததும் ஒரே தாவு, அம்மாவின் மடியில்!

சேறு பூசிய முகத்தோடு பம்பன் கரையேறியபோது, சிமிழி ஓடிவந்து அதை நக்கிக் கொடுத்தது.

சேர்ந்து செய்யும் வேலையில் பிடுங்கிக்கொள்வதும் கெடுதல், கேட்காமல் விட்டுக்கொடுப்பதும் கெடுதல். எல்லையைப் பேசி வையுங்கள், அதையும் கேட்பவர் நிற்கும் இடத்தில் நின்று வையுங்கள்.