பாதிக் கூடும் பக்கத்தில் நின்ற எருமையும்

ஒரு காட்டில் ஒரு சேற்றுக் குளமும், அதன்மேல் சாய்ந்து நிற்கும் ஓர் ஈச்ச மரமும் இருந்தன, குழந்தைகளே. அந்த மரத்தில் மஞ்சன் என்ற தூக்கணாங்குருவி வாழ்ந்தான். அண்ணாந்து பார்த்தால் மரத்தில் ஏழு கூடுகள் தொங்கும். ஏழும் பாதிக் கூடுகள். ஏழையும் பின்னியவன் மஞ்சன் ஒருவன்தான்.

அவனைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். விடிந்தது முதல் அடையும் வரை அவன் சிறகு ஓய்ந்ததே இல்லை. புல் கிழிக்கக் கிளம்புவான். வழியில் ஒரு பொன்வண்டு பளபளக்கும். அதன் பின்னால் போனால் ஈரக் களிமண் கண்ணில் படும். கூட்டின் உட்சுவரில் அப்பலாமே என்று அதை அள்ளிக்கொண்டு வருவான். வந்து பார்த்தால் அப்புவதற்குச் சுவரே இருக்காது. சுவருக்கு வேண்டிய புல்லோ, கிழிக்காமலே வயலோரம் ஆடிக்கொண்டிருக்கும்.

தூக்கணாங்குருவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி பாதிக் கூட்டைப் பின்னிவிட்டுக் காத்திருக்கும். பெண் குருவி வந்து உள்ளே உட்கார்ந்து, நாரை இழுத்துப் பார்க்கும். பிடித்துப்போனால் அங்கேயே தங்கிவிடும். மீதிப் பாதியை ஆண் குருவி முடித்துக் கொடுக்க வேண்டும்.

மஞ்சனின் பின்னலைப் போல நெருக்கமான பின்னல் அந்தக் காட்டிலேயே கிடையாது. வாகை என்ற பெண் குருவி அவனுடைய நான்காவது கூட்டைப் பார்த்து மயங்கித்தான் வந்து சேர்ந்தாள். வந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. கூடு இன்னும் அடிப்பக்கம் திறந்தபடியே தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் மூன்று நாளில் முட்டையிட்டுவிடுவேன்" என்றாள் வாகை. "இதில் இட்டால் நேரே குளத்தில்தான் விழும். உங்களால் முடியாது என்றால் சொல்லிவிடுங்கள். நான் வேறு மரம் பார்த்துக்கொள்கிறேன்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னாள்.

மஞ்சன் அவளருகே தாவி வந்தான். "முடித்துவிடுகிறேன் வாகை, சத்தியமாக" என்றான். மனதாரத்தான் சொன்னான். பாவம், அவன் எப்போதுமே மனதாரத்தான் சொல்வான்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த காகம் சும்மா இருக்குமா? "மனத்தை ஒரு நிலையில் வைத்துக்கொள், அவ்வளவுதான். இதென்ன பெரிய வித்தையா?" என்று அதட்டியது. மஞ்சன் வெட்கப்பட்டுத் தலையாட்டினான். வெட்கத்தால் ஒரு நார்கூட ஏறவில்லை.

மரங்கொத்தி கொஞ்சம் நல்ல மாதிரி. அடிமரத்தில் வரிசையாக நாற்பது குழி கொத்திக் கொடுத்தது. "ஒரு நார் பின்னியதும் ஒரு குழியில் மண் வை. எவ்வளவு முடிந்தது என்று தெரியும்" என்றது.

அன்று பொழுது சாய்வதற்குள் நாற்பது குழியும் மண்ணால் நிறைந்து, வழவழவென்று அழகாக இருந்தன. நார் ஒன்றும் பின்னப்படவில்லை.

மறுநாள் எருமைக் கூட்டம் ஒன்று குளத்தில் இறங்கியது. அதில் காராயி என்ற எருமை சரியாக அந்தக் கூட்டுக்குக் கீழே வந்து, கழுத்தளவுச் சேற்றில் அமர்ந்து அசைபோட்டது. மஞ்சன் அவளுடன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பின்னினான்.

"இது தரைப்பகுதி அக்கா. இங்கேதான் முட்டை இருக்கும்."

"ம்" என்றாள் காராயி.

"இந்த முடிச்சைப் பாருங்கள்."

"பார்த்தேன்."

வெயில் உச்சிக்கு ஏறியபோது மஞ்சன் குனிந்து பார்த்துத் திகைத்தான். பதினோரு நார் ஏறியிருந்தது. அதற்குள் எருமைக் கூட்டம் அக்கரைப் புல்வெளிக்குக் கிளம்பியது. காராயியும் எழுந்தாள்.

"அக்கா, போகாதீர்கள்."

"எனக்குப் பின்னத் தெரியாதே தம்பி."

"பின்ன வேண்டாம். நீங்கள் இங்கே இருந்தால் என் அலகு ஓடுகிறது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை."

காராயி அக்கரையைப் பார்த்தாள். அங்கே புல் இளசாக இருந்தது, அவளுக்குப் பசியும் இருந்தது. "சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதானே? அது எனக்குக் கைவந்த கலை" என்று மறுபடியும் சேற்றில் சாய்ந்தாள்.

அதற்குப் பிறகும் மஞ்சன் வழி தவறாமல் இல்லை. ஒரு முறை பொன்வண்டின் பின்னால் போய்விட்டு வெறும் அலகோடு வந்தான். எங்கே போனாய் என்று காராயி கேட்கவில்லை. "வந்துவிட்டாயா? நான் இங்கேதான் இருக்கிறேன்" என்றாள். அவளைப் பார்த்ததும் புல்லின் நினைவு வந்து, வந்த வழியே திரும்பிப் பறந்தான்.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. எருமைகள் மேட்டுக்கு ஒதுங்கிக் காராயியைக் கூப்பிட்டன. அவள் நனைந்துகொண்டே நின்றாள். நனைந்துகொண்டே மஞ்சன் கடைசி நாரை இழுத்துச் செருகினான்.

வாகை உள்ளே போய், மிதித்துப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். கூடு அசைந்து கொடுத்தது, பிரியவில்லை. வெகுநேரம் அவள் வெளியே வரவே இல்லை. பிறகு வாசலில் தலை நீட்டி, "உள்ளே வந்து பாருங்கள், முதல் முட்டை" என்றாள். மஞ்சன் அழுதேவிட்டான்.

மழை விட்டதும் காகம் குளக்கரைக்கு வந்தது. "இத்தனை நாளாக இங்கேயே கிடந்தாயே, அப்படி என்னதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாய்?"

"ஒன்றும் சொல்லவில்லை" என்றாள் காராயி. "பக்கத்தில் இருந்தேன்."

நீதி: அலைபாயும் மனத்துக்கு ஆயிரம் அறிவுரையைவிட, அதட்டாமல் அருகில் இருக்கும் ஒரு துணையே பெரிது.