வகையில் நிற்காத கெண்டை

"அம்மா, இந்த மீனுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்க. என்னால ஆகலை."

வைரவநாதன் ஈரத்துண்டை விரித்தார். உள்ளே ஒரு பனையேறிக் கெண்டை. வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு அவரையே முறைத்தது.

பூரணத்தம்மாள் அந்த ஆசிரமத்தின் குரு. சீடர் வைரவநாதனைவிட வயதில் இளையவர். அன்றைக்கு அவருக்கே மனசு சரியில்லை. கிணறு வற்றிவிட்டது. குடத்தடியில் கிடந்த தண்ணீர் அந்தப் பொழுதுக்குத்தான் காணும். மறுநாள் ஆசிரமத்தைப் பூட்டிவிட்டுக் கிளம்புவதென்று முடிவாகியிருந்தது. இந்த லட்சணத்தில் மீன் பஞ்சாயத்து வேறு.

"என்ன பண்ணிச்சு?"

"குளத்தை விட்டு வெளியே வருதும்மா! தரையில நடக்குது!"

வைரவநாதன் முன்பு தானியக் கிடங்கில் இருந்தவர். உளுந்து மூட்டையில் ஒரு துவரை கிடந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. இங்கே வந்தும் கை சும்மா இருக்கவில்லை. உயிர்களையெல்லாம் நீரில் வாழ்வன, நிலத்தில் வாழ்வன, வானில் பறப்பன என்று பிரித்துவிட்டார். போன மழைக்காலம் முழுக்கத் தவளையோடு மல்லுக்கட்டினார். வௌவாலோடு பேச்சுவார்த்தையே கிடையாது.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"தூக்கிட்டுப் போய்க் குளத்துலயே விட்டேன். மறுபடி வந்துது. மறுபடி விட்டேன். தினமும் இதே ரோதனை."

"குளத்துல தண்ணி இருக்கா?"

"சேறுதான் இருக்கு. அதுக்காக? மீன்னா குளத்துலதானே கிடக்கணும்?"

பூரணத்தம்மாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இப்ப எவ்வளவு நேரமா துண்டுல இருக்கு?"

"விடிஞ்சதுலேர்ந்து."

"சாகலையா?"

"எங்கே சாகுது! காத்தை முழுங்கி முழுங்கி உயிரோட இருக்கு. மீனுக்கு உண்டான எந்த ஒழுங்கும் இதுகிட்ட இல்லம்மா."

"தினமும் எந்தப் பக்கம் போச்சு?"

"தாழங்காட்டுப் பக்கம். ஒரு நாளாவது வேற பக்கம் போகணுமே! அப்படி ஒரு பிடிவாதம்."

பூரணத்தம்மாள் அவரைப் பார்த்தார். பிறகு காலிக் குடத்தைப் பார்த்தார்.

"கீழே விடுங்க."

"அம்மா, தரையிலயா?"

"விடுங்க வைரவரே!"

விட்டார். கெண்டை ஒருமுறை புரண்டு நிமிர்ந்தது. செவுள் மூடியை மண்ணில் ஊன்றி, வாலால் உந்தி, நகர ஆரம்பித்தது. தாழங்காட்டுப் பக்கம்தான்.

"பாத்தீங்களா? நான் சொல்லலை?"

பூரணத்தம்மாள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தார்.

வைரவநாதனுக்கு ஒன்றும் ஓடவில்லை. இன்னொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"அம்மா, எங்கேம்மா போறோம்?"

அவர் திரும்பவில்லை.

"அதைக் கேளுங்க."